கோண்ட் கையில் சுத்தியலைக் கொடுத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆளுக்கொரு பாத்திரமாகி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் தெய்வங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கால்வாசி நன்றாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தின் மூலையில் கைவினைக் கடவுளான கோண்ட் வருகிறார். "மூளையை விடக் கையை நம்பும் பட்டறைக்காரர்களின் கடவுள்; விளையாட்டில் வேறு எதுவும் கிடைக்காதவர்கள் இவரைத் தேர்ந்தெடுக்கலாம்" என்று ஒரே வரியில் கட்டுரையாளர் அவர் கணக்கை முடித்துவிட்டார்.

கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறை நடத்துகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை மாடியில் என் மகனும் அவன் கூட்டாளிகளும் ஆடுவது இந்த விளையாட்டுதான். கதையை நடத்துவது மகன். ஆள் குறைந்த ஒரு நாள் என்னையும் உட்கார வைத்தான். "நைனா, நீ கோண்ட் பூசாரியா வா, உனக்கு அதான் செட் ஆவும்" என்றான். அன்று முதல் அந்தப் பூசாரி நான்தான். ஆகவே வேறு எதுவும் கிடைக்காதவன் என்று தங்கள் இதழ் சொன்னது என்னைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மிக்க நன்றி.

2014ல் வந்த விதிப்புத்தகத்தைக் கட்டுரையாளர் பின்னிணைப்பு வரை புரட்டியிருக்கலாம். கோண்டுக்கு நேராக அதில் போட்டிருக்கும் துறை 'அறிவு'. அறிவுக்கே கடவுளான ஓக்மாவுக்கும் அதே துறைதான். விளையாட்டின் கதையில் தெய்வங்கள் பூமிக்குத் துரத்தப்பட்ட இக்கட்டுக் காலத்தில், கோண்ட் நோம் எனப்படும் குள்ள உருவத்தில் லன்டான் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். அடைக்கலம் கொடுத்த தீவுக்காரர்களுக்கு அவர் செய்த கைம்மாறு, வெடிமருந்து போன்ற புகைமருந்து தயாரிக்கும் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்ததுதான். பின்னால் வருகிறவன் இன்னும் நன்றாகச் செய்யட்டும் என்று, தாங்கள் முயன்று பார்த்ததை எல்லாம் அவருடைய அடியார்கள் எழுதி வைக்க வேண்டும் என்பது அந்த மதத்தின் கட்டளை. இதில் மூளை எங்கே குறைந்தது என்று எனக்கு விளங்கவில்லை. தங்களுக்கு விளங்கியிருக்கும்.

அடுத்து, படம். கோண்ட் கையில் ஒரு பெரிய சுத்தியல், காலடியில் பட்டடை. ஐயா, சுத்தியலும் பட்டடையும் டுவார்ஃப் என்னும் இன்னொரு குள்ள இனத்தாரின் தெய்வம் மொராடினுடைய சின்னம். கோண்டின் சின்னம் நாலு ஆரக்கால் வைத்த பல்சக்கரம். ஓவியர் சக்கரத்தையும் விட்டுவைக்கவில்லை. பின்னணியில் மூன்று பல்சக்கரங்களை முக்கோணமாக, ஒன்றோடொன்று பல் கோத்தபடி வரைந்திருக்கிறார். அந்த மூன்றும் ஜென்மத்துக்கும் சுற்றாது. முதல் சக்கரம் வலப்பக்கம் சுற்றினால் இரண்டாவது இடப்பக்கம் சுற்றும். மூன்றாவதை ஒன்று இந்தப் பக்கம் தள்ளும், இன்னொன்று அந்தப் பக்கம் தள்ளும். பட்டறையில் புதுசாகச் சேர்ந்த தம்பி படத்தைப் பார்த்த மாத்திரத்தில் "இன்னாண்ணா, ஜாம் ஆயிடுமே" என்றான். மூளையை நம்பாத கூட்டத்தில் நேற்றுச் சேர்ந்தவன் அவன்.

என் பூசாரிக்கென்று பித்தளையில் ஒரு சின்னம் வெட்டி வைத்திருக்கிறேன். 24 பல். வட்டத்தைச் சமபாகமாகப் பிரித்துப் பல் வெட்ட உதவும் டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால்தான் மேலே மாட்டியிருக்கும் பித்தளை ஒரு சுற்று வரும். ஆக ஒரு பல்லுக்கு ஒரு முழுச் சுற்று, அதற்கு மேல் அதன் தட்டில் இருக்கும் 18 துளை வட்டத்தில் 12 துளை. நடுவில் எங்காவது துளை எண்ணுவதில் பிசகினால், கடைசிப் பல் அரைப் பல்லாக நின்று இளிக்கும். மூளையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கட்டுரையாளர் ஒன்று வெட்டிக் காட்டட்டும். பித்தளை என் செலவு.

கையை மட்டும் நம்புகிறவர்களைப் பார்க்க ஆசையென்றால் பிப்ரவரி, மார்ச்சில் வரலாம். இன்ஜினியரிங் கடைசி வருஷப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் டிராயிங்கோடு வாசலில் நிற்பார்கள். ஷாஃப்ட் 20 மி.மீ., துளையும் 20 மி.மீ. அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று சொல்லும் டாலரன்ஸ் என்று ஒன்று போடவே மாட்டார்கள். "உள்ளே எப்படிப்பா போகும்? சுற்றணுமா, இறுகி நிற்கணுமா?" என்றால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். நானே அளவு போட்டு, கடைந்து, மாட்டிக் கொடுத்து அனுப்புவேன். பிறகு ரிப்போர்ட் கொண்டுவந்து காட்டுவார்கள். முதல்வரிலிருந்து நூலகர் வரை நன்றி இருக்கும். பட்டறை இருக்காது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் யாரோ தங்கள் கட்டுரையாளரைப் போல ஒருவர்தான் பாடம் நடத்தியிருப்பார்.

எங்கள் பக்கத்தைத் தங்கள் இதழ் அறியாததல்ல. வெட்டுக்குத்து என்றால் வருவீர்கள். 2023 டிசம்பரில் எண்ணூர் ஆற்றில் எண்ணெய் மிதந்தபோது அட்டைப்படமே நாங்கள்தான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் ராயபுரத்திலிருந்து கிளம்பியதை எழுதிவிட்டு எழும்பூர் ஸ்டேஷன் படத்தைப் போட்டீர்கள். அதற்கு நான் எழுதிய கடிதம் என்ன ஆயிற்றோ. பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகளை வைத்து 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்ததற்கு மே தின இதழில் ஒரு பத்தி கிடையாது. அந்த ஆலை மூடிய பிறகு உள்ளே நடந்த சினிமா ஷூட்டிங்குக்கு நடுப்பக்கம் கிடைத்தது. தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாளை சத்ரபதி சிவாஜி 1677ல் வந்து கும்பிட்டதைத் தவறாமல் எழுதுகிறீர்கள். அவள் கம்மாளர்களின் தெய்வம், கொல்லரும் தச்சரும் தட்டாரும் காத்து வந்த கோயில் அது என்பதற்கு மட்டும் இடம் போதாமல் போய்விடுகிறது. ஆயுத பூஜை மலரிலோ வருஷா வருஷம் ஒரு நடிகை தன் காருக்குப் பொட்டு வைக்கிறார். அன்றைக்கு எங்கள் தெருவுக்கு வந்தால் லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் சந்தனம் பூசி, பொரி கடலை வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்கலாம். நடிகை இருக்க மாட்டார்.

சரி, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கடிதப் பக்கத்து ஓரத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: கோண்டின் சின்னம் சுத்தியல் அல்ல, நாலு ஆரக்கால் பல்சக்கரம், அவருடைய துறை அறிவு. படத்தையும் திருத்துவதானால் மூன்றாவது சக்கரத்தை அழித்தாலே மற்ற இரண்டும் சுற்ற ஆரம்பித்துவிடும். சந்தேகம் இருந்தால் ஓவியர் ஞாயிற்றுக்கிழமை வரலாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தால் மட்டும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர்,
கொருக்குப்பேட்டை, சென்னை - 21

பி.கு.: இந்த இதழில் குறுக்கெழுத்துப் பக்கம் இரண்டு முறை தைக்கப்பட்டு, ராசிபலன் பக்கம் காணவில்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். வீட்டம்மா கோபமாக இருக்கிறார்கள். ஆவன செய்யவும்.