பி.எஃப். கரைவது சம்பளச் சீட்டில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடகை, காஸ் எல்லாம் ஏறும் நிலையில், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் குறைந்தால் லாபம் என்றே பல தொழிலாளர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரிய நஷ்டம். ரூ.15,000 சம்பளத்தை நிர்வாகம் அடிப்படை 8,000, சிறப்புப் படி 7,000 என்று பிரித்துக் காட்டி, அடிப்படைக்கு மட்டும் பி.எஃப். கணக்கிட்டால், 12 சதவீதப் பிடித்தம் ரூ.1,800 அல்ல, ரூ.960தான். நிர்வாகத்தின் பங்கும் அதே அளவு சுருங்கும். ஆக, மாதம் ரூ.1,680 சேமிப்பு போகிறது. நிர்வாகப் பங்கிலிருந்துதான் சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்குச் செல்கிறது, அதுவும் அடிபடும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி தரும் படிகளையும் பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பி.எஃப். அதிகாரிகள் சம்பளப் பதிவேடுகளை நேரில் சோதிக்க வேண்டும்.

பிடித்த பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். தொழிலாளர்கள் மத்திய அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சீட்டைத் தூக்கிப் போட வேண்டாம். புகாருக்கு அது முக்கியச் சான்று.

- வாசகர், திருப்பூர்