ஸ்டே வயரும் என் போல்ட் கட்டரும்

டேய் செல்வம்,

லெட்டர் பாத்தேன்டா. ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி இத்தன வருஷம் கழிச்சாவது மொட்டை மாடியில ஆன்டெனா டவர் நிறுத்தணும்னு உனக்குத் தோணுச்சே, சந்தோஷம். டவர் சாயாம இழுத்துக் கட்டுற ஸ்டே வயர எதை வச்சு வெட்டுறதுன்னு கேட்டிருக்க, இதுல நான் பட்ட பாட்ட சொன்னா சிரிப்ப.

மொதல்ல போல்ட் கட்டர்தான் வாங்கினேன், ரெண்டடி நீளம், பூட்டையே வெட்டுது இதை வெட்டாதான்னு ஒரு தெம்பு. நம்ம போடறது 7/14 வயர், அதாவது 14 கேஜ்ல 2 மில்லி கம்பி ஏழு சேத்து முறுக்கி மொத்தம் 6 மில்லி வரும். அது வெட்டலடா, நசுக்குச்சு. முனை சப்பையாகி ஏழு கம்பியும் விளக்குமாறு மாதிரி விரிஞ்சு, இன்சுலேட்டர் ஓட்டையில நுழைய மாட்டேன்னுடுச்சு. அப்புறம் ஹாக்ஸா. அறுக்கும்போது கம்பி ஒவ்வொண்ணா ஆடுதா, பல்லு மாட்டி ப்ளேடு டப்புனு போயிடும். வைஸ்ல இறுக்கிட்டு நைஸ் பல்லு ப்ளேடு போட்டா அறுபடும், ஆனா உனக்கு ஒண்ணு ரெண்டு வெட்டா? மூணு பக்கம், மேல கீழன்னு ரெண்டு தட்டு, ஆறு ஸ்டே. ஒவ்வொண்ணையும் நடுவுல முட்டை வடிவ பீங்கான் இன்சுலேட்டர் போட்டுத் துண்டாக்கணும், 10 மீட்டர் நீளத்துக்கு ஒரே கம்பியா விட்டா 20 மீட்டர் அலைநீள பேண்ட்ல அது பாதி அலைநீளம், அதுவே ஒரு ஆன்டெனாவாயிடும்ல. கை கழண்டுடும். ஈபி ஆளுங்க தண்டவாளத் துண்டு மேல வச்சு உளியால தட்டியே வெட்டுவாங்க, அது நல்ல வேலைதான், ஆனா நம்ம சுத்தியல் நம்ம விரலத்தான் தேடும்.

கடைசியில கிரைண்டர்தான். நாலு இன்ச் மெஷின், 1 மில்லி கட்டிங் வீல். வெட்டுற எடத்துல இன்சுலேஷன் டேப்ப மூணு சுத்து இறுக்கி சுத்திட்டு டேப்புக்கு நடுவுலயே வெட்டு, பத்து செகண்ட், முனை பிரியாது. கண்ணாடி போட்டுக்கோ, வீல் மேல இருக்குற கார்ட கழட்டாத, ரெண்டு பக்கமும் வயர யாராவது மிதிச்சுக்கணும், இல்லன்னா சுருள் பாம்பு மாதிரி எகிறும். முனை துருப்பிடிக்காம ஜிங்க் ஸ்ப்ரே அடிச்சிரு. நான் முதல் தடவ செஞ்சப்ப பக்கத்துல வத்தல் காயுறத கவனிக்கல, பொறியும் இரும்புத் தூளும் அதுல விழுந்து, ஒரு வாரம் வீட்ல பேச்சு கேட்டேன்.

கிரைண்டரோட மட்டும் டவர்ல ஏறிடாதடா. மேல வெட்ட வேண்டி வந்தா ஃபெல்கோ சி7 மாதிரி கேபிள் கட்டர், 7 மில்லி வரைக்கும் வெட்டும், வாய் வயர சுத்திப் பிடிக்கறதால நசுங்காது. வெலையக் கேட்டா மயக்கம் வரும், நான் இரவல்தான் வாங்கினேன்.

அந்தப் பழைய 30 அடி ஆன்டெனா பைப்ப இறக்குறப்பவும் விறைப்பா இருக்குற வயர வெட்டிடாத, வயர இறுக்குற டர்ன்பக்கிள் திருகு துருப்பிடிச்சு இறுகிக் கெடந்தா பக்கத்துலயே தற்காலிகமா ஒரு ஸ்டே கட்டி லோட அதுக்கு மாத்திட்டு, தொளதொளன்னு ஆனப்புறம் வெட்டு. போலந்துல 646 மீட்டர் ரேடியோ டவர், அப்ப உலகத்துலயே ஒசரமானது, 1991 ஆகஸ்ட் 8ல ஸ்டே மாத்துறப்பத்தான் மொத்தமா சாஞ்சுது.

ஞாயித்துக்கெழம கிரைண்டரோட வர்றேன், அன்னிக்கு மாடியில எதுவும் காயப் போட வேணாம்னு தங்கச்சிகிட்ட சொல்லி வை.

நம்ம ஹாம் வாழ்த்து 73,
உன் முருகன்