பெங்களூர்ல க்ளாஸ் போற பாப்பாவுக்கு

பாப்பா,

நல்லா இருக்கியா. போன் போட்டா மீட்டிங்ல இருக்கேன்னு வச்சிடுற, வாட்ஸ்அப்ல கொஞ்சம் நீளமா அனுப்புனா ஒரு தம்ஸ் அப் போட்டு முடிச்சிடுற, அதான் மெயில்ல எழுதுறேன். தம்பி தான் தமிழ்ல டைப் பண்ற மாதிரி செட் பண்ணி குடுத்தான். ஆபிஸ்ல வச்சு படிக்காத, ராத்திரி சாப்ட்டு முடிச்சு நிதானமா படி.

நீ க்ராவ் மகா க்ளாஸ் சேந்துருக்கன்னு தம்பி சொன்னான். ரொம்ப சந்தோசம்மா. நெசமாத்தான் சொல்றேன். ஆனா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் காலைல சிலம்பம் சொல்லிக் குடுக்குறவன் நான், எம்பொண்ணு சண்டை கத்துக்குறத இன்னொருத்தர் சொல்லி தெரிஞ்சுக்கணுமா. சரி அத விடு.

எனக்கு அதப்பத்தி பேரளவுல தான் தெரியும், அதனால உக்காந்து படிச்சேன். க்ராவ் மகாவ உருவாக்குனது இமி லிக்டன்ஃபெல்ட்னு ஒருத்தர், ஐரோப்பால பிராட்டிஸ்லாவாங்கிற ஊர்ல வளந்தவர், குத்துச்சண்டை மல்யுத்தம் ரெண்டுலயும் கெட்டிக்காரர். 1930கள்ல யூதர் குடியிருக்க தெருவுக்குள்ள பாசிஸ்ட் கும்பல் பூந்து அடிக்கும்போது அதத் தடுக்க நின்னவர். ரூல் வச்சு மேடையில சண்டை போடுறது வேற, தெருவுல உயிரோட வீட்டுக்கு வர்றது வேறன்னு அங்க தான் அவருக்கு பட்டுருக்கு. பின்னால இஸ்ரேல் ராணுவத்துக்கு இததான் சொல்லிக் குடுத்துருக்கார். தடுக்கறதும் அடிக்கறதும் ஒரே நேரத்துல, கண்ணு மூக்கு தொண்டை தொடையிடுக்குனு பலவீனமான எடத்துல ஒண்ணு குடுத்துட்டு அங்கருந்து கெளம்பிடணும், இவ்வளவுதான் சாரம்னு புரிஞ்சுது. கம்பு இல்லாம வெறுங்கையால செய்ற நம்ம குத்துவரிசையிலயும் ஒரு கை தட்டும்போதே மறு கை உள்ள போயிரும், தாத்தா சொல்லித் தந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதனால உனக்கு அது புதுசா இருக்காது. கைக்கு மறந்துருந்தாலும் காலுக்கு மறக்காது.

நீ ஆறாவது படிக்கும்போது ஆண்டுவிழாவுல ரெட்டைக் கம்பு சுத்துனத ஹெச்எம் இன்னமும் பாத்தா சொல்வார். சலாம் வரிசை எடுக்கும்போது கம்ப மண்ணுல தொட்டு நெத்தியில வச்சியே, அந்த எடத்துல மொத்த சனமும் அமைதியாயிருச்சு. பத்தாவதுல டியூசன் டியூசன்னு கம்ப மூலையில சாத்துனவ தான். அப்பறம் எத்தனை லீவுக்கு வந்துருப்ப, ஒரு நாளாவது கிரவுண்டுக்கு வந்தியா. இப்ப பாரு, வாரக் கணக்குல பிள்ளைங்க சேருதுங்க, அரசாங்க வேலையில விளையாட்டுக்காரங்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுல சிலம்பத்தையும் சேத்ததுலருந்து பெத்தவங்களே கூட்டிட்டு வந்து விடுறாங்க. 2024 ஜனவரில கேலோ இந்தியா விளையாட்டுப் போட்டி நம்ம பக்கம் நடந்தப்ப காட்சி விளையாட்டா சிலம்பத்த வச்சாங்க, அன்னைக்கு நீ இங்க இருந்துருக்கணும்னு நெனச்சேன். பாதிக்கு மேல பொம்பளப் பிள்ளைங்க தான் இப்ப. சேலைய வரிஞ்சு கட்டிட்டு ஒரு அம்மா கூட வருது, சுகருக்கு டாக்டர் நடக்கச் சொன்னாராம், நடக்குறதுக்கு இது மேல்னு வந்து நிக்கிது.

க்ளாஸ் பத்தி சில விஷயம் சொல்லிடுறேன், பிடி வாத்தியார் பேசுறேன்னு நெனச்சுக்க. எடுத்தவுடனே குதிக்காத. நாள் பூரா சேர்ல உக்காந்துருக்க ஒடம்பு உன்னோடது, இடுப்பும் பின்தொடையும் இறுகிப் போயிருக்கும். முதல்ல பத்து நிமிசம் ஒடம்ப சூடு பண்ணு. பொம்பளப் பிள்ளைங்களுக்கு முட்டி ஜவ்வு கிழியறது ஆம்பளப் பசங்கள விட அதிகம், குதிச்சு எறங்கும்போது முட்டி உள்பக்கமா மடங்குறது ஒரு காரணம். அதனால கண்ணாடி முன்னால நின்னு குதிச்சு பாரு, முட்டி பாதத்து நேருக்கு இருக்கணும். டைல்ஸ் தரையில ஸ்கிப்பிங் வேணாம், மேட் போட்டுக்க. வாரத்துல மூணு நாள் போதும், மத்த நாள் நட, தூங்கு. முட்டை, சுண்டல், கீரை சாப்பிடு, ஸ்விக்கில வர்றதையே தின்னுட்டு பஞ்ச் பண்ணா கை நடுங்கத்தான் செய்யும். இரும்புச் சத்து மாத்திரை விட்டுட்டியான்னு உங்கம்மா கேக்கச் சொன்னா.

அப்பறம் க்ளாஸ் நடத்துறவர் எப்பிடின்னு கவனி. மூணு மாசத்துல பெல்ட் தர்றேன்னு பேசுனா அங்க நிக்காத. வெறும் காத்துல குத்த விடுறவரும் வேணாம். பேட் புடிக்கணும், எதிர்ல ஆள் நிக்கணும், அந்த ஆள் நெசமா தள்ளணும் புடிக்கணும், முதல்ல மெதுவா அப்பறம் வேகமா. உன்ன விட கனமான ஆள் கூடவும் போட்டு பாக்கணும். வாயத் தொறந்து சத்தம் போட சொல்லித் தராத க்ளாஸ் பாதி க்ளாஸ் தான். "தள்ளி நில்லு"ன்னு வயித்துலருந்து கத்தணும். நீ சின்னதுலருந்தே மெதுவா பேசுற பிள்ள, அதான் திருப்பி திருப்பி சொல்றேன், கத்து. கத்திட்டு ஓடு. நின்னு ஜெயிக்கணும்னு ஒண்ணும் இல்ல.

மணிக்கட்ட புடிச்சா எடுக்குறது உனக்கு தெரியும், இருந்தாலும் எழுதுறேன். புடிக்கிறவன் கையில நாலு வெரலு ஒரு பக்கம், கட்டவெரலு ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம். வெரலு நுனியும் கட்டவெரலும் சேர்ற அந்த சந்து தான் பூட்டுல லூசான எடம். உன் மணிக்கட்டோட மெல்லிசான பக்கத்த அந்த சந்துக்கு திருப்பு, உன் முழங்கைய அவன் முழங்கை பக்கமா கொண்டு போ, ஒரே வெட்டா உருவு. பின்னால இழுத்தா அவன் தான் ஜெயிப்பான், அவனுக்கு பலம் அதிகம். கையால மட்டும் செய்யாத, இடுப்பு திரும்பணும், கம்பு வீச்சுல கால் மாத்துவல்ல அதே காலடி. கை வெளிய வந்த அடுத்த நொடி அங்க நிக்கக்கூடாது. ரூம்ல இருக்க பிள்ளைய புடிக்கச் சொல்லி தெனமும் செஞ்சு பாரு, ரெண்டு கையிலயும். இருட்டுலயும் செஞ்சு பாரு.

ரூம்னு சொன்னதும் கேக்கணும்னு இருந்தேன், புது ரூம் எப்பிடி இருக்கு. பழைய பிஜி நல்லா இருக்குன்னு தானே சொல்லிட்டு இருந்த, சாப்பாடு நம்ம வீட்டு மாதிரின்னு. போன் நம்பரையும் மாத்திட்ட, நெட்வொர்க் ஆஃபர்னு சொன்ன, சரின்னுட்டேன். பொங்கலுக்கு வரும்போது ஒரு நாள் லீவ வேஸ்ட் பண்ணி பகல் பஸ்ல வந்த. காலேஜ் காலத்துலருந்து ராத்திரி வண்டி தான் உனக்கு, தூங்கி எந்திரிச்சா ஊர் வந்துரும்ப்பான்னு சொல்லுவ. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தா ஒண்ணுமே இல்ல. எனக்குத்தான் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்குற புத்தி. சோழவந்தான் அத்தை விஷயத்துக்கு அப்பறம் அந்த புத்தி கூடிப் போச்சு, அது உனக்கே தெரியும். நான் துருவிக் கேக்கலம்மா. சொல்லணும்னு தோணும்போது சொல்லு.

நம்ம கிரவுண்டுல ஒரு பிள்ள, பேர் வேணாம், சின்ன வயசுலருந்து கம்பு சுத்துனது, மாவட்ட அளவுல மெடல் வாங்குனது. ஒரு நாள் பஸ்ல ஒருத்தன் தப்பா நடந்துருக்கான். இது அப்பிடியே நின்னுருச்சு. கை எந்திரிக்கல, சத்தம் வரல, எறங்க வேண்டிய ஸ்டாப்ல கூட எறங்கல. ரொம்ப நாள் கழிச்சு என்கிட்ட வந்து, "சார் இவ்வளவு கத்துக்கிட்டும் என் கை ஏன் சார் எந்திரிக்கல"ன்னு கேட்டுச்சு. அந்தக் கேள்விய கேக்கும்போது கையில இருந்த கம்போட தோலை நகத்தால உரிச்சுக்கிட்டே இருந்துச்சு, என் மொகத்த பாக்கல. நான் அதுக்கு என்ன சொன்னேன்னா, பயத்துல ஒடம்பு மூணுல ஒண்ணு செய்யும், அடிக்கும், இல்ல ஓடும், இல்ல ஒறஞ்சு போகும். எதுன்னு நாம உக்காந்து முடிவு பண்றதில்ல, புத்தி முழிக்கிறதுக்குள்ள ஒடம்பே முடிவு பண்ணிடும். ஒறஞ்சு நின்னது பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல, சம்மதமும் இல்ல. தப்பு பூராவும் கை வச்சவனோடது, பத்து பைசா கூட உன்னோடது இல்ல. பயிற்சி எதுக்குன்னா அடுத்த தடவ ஒறையுற நேரம் கொஞ்சம் கொறையும், அதுக்குத்தான். பயத்துல வெரலு நடுங்கும், நுணுக்கமான பிடி எதுவும் வராது, அதான் நாலே நாலு அடிய ஆயிரம் தடவ செய்யணும். நாப்பது அடி தெரிஞ்சு புண்ணியமில்ல. அந்த பிள்ளைக்கு சொன்னத உனக்கும் எழுதணும்னு தோணுச்சு. இத ரெண்டு தடவ படி பாப்பா.

இன்னும் சில தகவல், சும்மா தெரிஞ்சு வச்சுக்க. ஒரு பொண்ணு வேணாம்னு சொன்னப்பறமும் பின்னாலயே வர்றது, திரும்பத் திரும்ப போன் மெசேஜ் பண்றது, இன்டர்நெட்ல அவ என்ன செய்றான்னு கண்காணிக்கிறது எல்லாமே குற்றம். 2013ல தான் இத தனியா சட்டத்துல சேத்தாங்க, இப்ப பாரதிய நியாய சன்ஹிதால 78ஆவது பிரிவு. முதல் தடவைக்கு 3 வருசம் வரைக்கும், மறுபடி செஞ்சா 5 வருசம் வரைக்கும் ஜெயில். மெசேஜ் எதையும் அழிச்சுடாத, அசிங்கமா இருந்தாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. கம்ப்ளைன்ட எந்த ஸ்டேஷன்ல வேணாலும் குடுக்கலாம், எங்க எல்லைக்குள்ள வராதுன்னு அவங்க திருப்பி அனுப்ப முடியாது. ஆபிஸ் சம்பந்தப்பட்டதுன்னா 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எந்த எடத்துலயும் உள் புகார் குழு இருந்தாகணும், தலைமை ஒரு பொம்பளையா தான் இருக்கணும், நடந்த 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், காரணம் இருந்தா இன்னொரு 3 மாசம் அவங்களே நீட்டிக்கலாம். தற்காப்புக்கு அடிக்கிறது குற்றமே இல்ல, தேவைக்கு மேல போகக்கூடாது அவ்வளவுதான், அவன் விழுந்தப்பறம் நின்னு மிதிக்கக்கூடாது. ஓடிடணும். அவசர உதவிக்கு 112 ஸ்பீட் டயல்ல இருக்கட்டும், பெண்கள் உதவி எண் 181ம் போட்டு வை. கேப்ல ஏறினா லொகேஷன் அனுப்பு. எனக்கு அனுப்ப சங்கடமா இருந்தா தம்பிக்கு அனுப்பு, அவன் சொல்ல மாட்டான், நானும் கேக்க மாட்டேன். ஆனா அனுப்பு. பகல்னாலும் அனுப்பு.

உங்கம்மாவுக்கு இந்த மெயில் தெரியாது. பொண்ணு எதுக்கு அடிதடி கத்துக்குதுன்னு கேட்டா, ஒடம்பு கொறைக்கன்னு சொல்லிருக்கேன். அவ அத நம்பிட்டு, ஜாதகம் வந்தவங்ககிட்ட பெருமையா சொல்லிக்கிட்டு இருக்கா. அந்த ஜாதகப் பேச்சு எதுக்கும் நீ இப்ப பதில் சொல்ல வேணாம், நான் பாத்துக்குறேன். செவலை கன்னு போட்டுருக்கு, கெடேரி. தம்பிக்கு செமஸ்டர் முடிஞ்சுது. மாடித் தண்ணி டேங்க் மாத்தியாச்சு. வேற விசேஷம் இல்ல.

வேலைய விட்டுட்டு வந்துருன்னு நான் சொல்ல மாட்டேன். யாரோ ஒருத்தனுக்காக எம்பொண்ணு ஏன் வேலைய விடணும். ஆனா வரணும்னு உனக்கே தோணுனா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் போன் பண்ணு, ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்காம கெளம்பி வருவேன், அம்மாகிட்டயும் நானே பேசிக்குவேன். அந்த க்ளாஸ மட்டும் எதுக்காகவும் விட்டுறாத, பீஸ் கட்ட முடியலன்னா சொல்லு.

வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி மைசூர் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டுருக்கேன். சனிக்கிழமை காலைல பெங்களூர் வந்துருவேன். ரூம்ல தங்க மாட்டேன், பழைய ஸ்கூல் சார் ஒருத்தர் வீடு அங்க இருக்கு, அவர்கிட்ட பேசிட்டேன். உன் க்ளாஸ பாக்க வர்றதா வச்சுக்க, ஓரமா உக்காந்து பாத்துட்டு போறேன். வேற எங்கயாவது கூட வரணும்னா, ஸ்டேஷனோ ஆபிஸோ வக்கீலோ, அதுக்கும் சேத்து தான் வர்றேன், ஒரிஜினல் ஆதார், கொஞ்சம் பணம் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். உன் கம்பும் எண்ணெ போட்டு வச்சிருக்கேன், வெயில்ல காட்டி நிமித்தியாச்சு. ஆனா இப்ப உனக்கு நெத்திப்பொட்டு உயரத்துக்கு அது பத்தாது, புதுசு ஒண்ணு வெட்டணும். வண்டியில கொண்டு வர விடுவாங்களான்னு கேட்டுட்டு சொல்றேன். நான் வர்றது வேணாம்னா வியாழக்கிழமைக்குள்ள சொல்லிரு, கேன்சல் பண்ணிடுறேன். ஒண்ணும் சொல்லலன்னா வர்றேன்னு அர்த்தம்.

அப்பா