சுவர் ஆடவில்லை

நாடகம் முடிந்துவிட்டது. நகக்கண்ணில் ஒட்டிய பச்சை வர்ணம் இன்னும் போகவில்லை. அது போவதற்குள் உங்களுக்கெல்லாம் இந்த நன்றியை எழுதிவிட வேண்டும்.

கொழும்பை ஒட்டிய வெல்லம்பிட்டியில் வெள்ளத் தண்ணீர் வடிந்தபோது, எங்கள் நாடகப் பொருட்கள் இருந்த களஞ்சிய அறை கிடந்த கோலத்தை நீங்களே வந்து பார்த்தீர்கள், திரும்ப எழுதப்போவதில்லை. வீடு வாசல் போனவர்கள் பாடசாலைகளில் தங்கியிருந்த நேரத்தில், நாடகச் சுவர் போய்விட்டதென்று வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருந்தது. கேட்காமலே வந்தீர்கள்.

எல்லோருக்கும் முன்னால் மொறட்டுவை மாமாவுக்கு. மண்டபத்தின் இரவுக் காவலாளி அவர். ஒரு காலத்தில் தச்சர். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த மாதிரிச் சிரிப்பு நாடகம் நடிகர்களை நம்பியிருப்பதைவிடக் கதவுகளைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது என்பது என் கட்சி. பிரக்கிராசியார், அதாவது அந்தக் கால வழக்கறிஞர், ஒரு கதவால் நுழைய, வட்டிக்காரர் மறு கதவால் மறைய வேண்டும். ஒரு விநாடி பிந்தினாலும் சிரிப்பு செத்துவிடும். கதவையும் மெல்லச் சாத்த முடியாது, படாரென்று அறைய வேண்டும். அறைந்தால் சட்டத்தில் இழுத்து அடித்த சீலைச் சுவர் நடுங்கும். சுவர் நடுங்கிய கணத்தில், கதை நடக்கும் 1936ஆம் ஆண்டின் கொட்டாஞ்சேனை வீடு காணாமற்போய், வர்ணம் பூசிய துணிதான் மிஞ்சும்.

அவசரத்தில் கட்டிய புதிய சுவர் அப்படித்தான் நடுங்கியது. முட்டுக்கு மேல் முட்டுக் கொடுத்தும் பயனில்லை. நள்ளிரவு தாண்டிய பிறகு மாமா டோர்ச் வெளிச்சத்தோடு மேடைக்குப் பின்னால் வந்து, ஒன்றும் பேசாமல் ஐந்து கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து சாத்திப் பார்த்தார்.

"மகள், கதவைச் சுவரில் தொங்கவிட்டால் சுவர் ஆடத்தானே செய்யும்? கதவு தன் காலில் நிற்கட்டும்."

விடியும்வரை அதைத்தான் செய்தோம். நிலைகளைச் சுவரிலிருந்து கழற்றி, பின்புறம் முக்கோண முட்டு அடித்து, அடியில் மணல் மூட்டை ஏற்றித் தனியாக நிறுத்தினார். நிலைக்கும் சுவருக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி. அதை மறைக்கும் அகலச் சட்டத்தை நிலையில் மட்டும் ஆணி அடித்தார்; சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. பிறகு தான் குடித்துக்கொண்டிருந்த வெறுந்தேநீர்க் கிளாசைச் சுவர்த் தட்டில் வைத்துவிட்டு, "இப்போது அடி" என்றார். முழுப் பலத்தோடு அறைந்தேன். சத்தம் மண்டபத்தின் கடைசி வரிசைவரை போனது. கிளாசில் தேநீர் அசையவில்லை.

காசு வாங்க மறுத்தார். இரண்டு டிக்கெட் மட்டும் கேட்டார். தமிழ் தெரியாத மனைவியோடு வந்திருந்து, சபை முழுவதும் வட்டிக்காரரைப் பார்த்துச் சிரித்தபோது அவர் மூன்றாம் கதவின் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். தாத்தாவின் சாய்மனைக் கதிரையையும் பித்தளைத் தாழ்ப்பாள்களையும் நம்பித் தந்த வெள்ளவத்தைக் குடும்பம். திரைச்சீலைத் துணியைக் கடனுக்கு வெட்டித் தந்த புறக்கோட்டை முதலாளி. பீங்கான் சுவிட்ச் கிடைக்காதபோது மூடிகளை ஒட்டி அச்சு அசலாகச் செய்துவிட்ட தம்பி. இரவு பதினொரு மணிக்குக் கொத்துரொட்டியோடு வந்த அக்கா. சுவரை இரண்டு தடவை பூசிய மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இலங்கைத் தேர்தல்களில் சின்னங்கள் வருவதற்கு முன்பு வேட்பாளருக்கு வேட்பாளர் ஒரு நிறம்தான், வாக்குப் பெட்டிக்கும் அதே நிறம். தேர்தலில் நிற்கும் பிரக்கிராசியாரின் மனைவி வரவேற்பறைக்கு எதிராளியின் பச்சையைப் பூசிவிட்டாள் என்பதில்தான் நாடகமே தொடங்குகிறது. முதல் தடவை வந்த பச்சை, விளக்கு பட்டதும் நீலமாகத் தெரிந்தது. முகம் சுளிக்காமல் மறுபடி பூசினீர்கள். திரை விலகியதும், யாரும் வாய் திறக்குமுன்பே எழுந்த அந்த முதற்சிரிப்பு உங்களுடையது.

கதவுகளைப் பிரித்து விறகாக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்தும் இப்போது தெகிவளையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில், தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. கொழும்போ யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ, எந்தக் குழு கேட்டாலும் இரவல் தருவேன், வாடகை இல்லை. லொறிக் கூலி உங்களுடையது, மணல் மூட்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.