ஃபிளாஷ்பேக் வேண்டாம், கதிரேசா

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வீட்டில் வெள்ளையடிப்பு, சாமானெல்லாம் நடு ஹாலில் கிடந்தது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத இடம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம்.

சந்துரு எடுக்கப்போகும் குறும்படத்தில் கொலைகாரனுக்கு ஃபிளாஷ்பேக் வைப்பதா வேண்டாமா என்று அப்பனும் மகனும் மல்லுக்கு நிற்கிறீர்களாமே. ஃபிளாஷ்பேக் வேண்டாம் என்கிற பையன் பக்கம்தான் நான்.

1978-ல் வந்த ‘ஹாலோவீன்’ என்ற ஆங்கிலத் திகில் படத்தை ஒரு தடவை பார். ஜான் கார்பென்டர் மூன்று லட்சம் டாலர் சொச்சத்தில் எடுத்தது. முகமூடிக்குக்கூடக் காசில்லை. ரெண்டு டாலருக்கும் குறைவாக விற்ற ‘ஸ்டார் டிரெக்’ டிவி தொடரின் கேப்டன் கிர்க் முகமூடியை, அதாவது அந்த வேஷம் போட்ட நடிகர் வில்லியம் ஷாட்னர் முகத்தை, வாங்கிவந்து, புருவத்தைப் பிய்த்துப் போட்டு, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் தயார். அந்த முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

சமையலறைக் காட்சியைக் கவனி. ஒரு பையனை ஒரே கையால் தூக்கிக் கத்தியைச் செருகிவிடுகிறான். கால் தரையில் படாமல் உடம்பு தொங்குகிறது. நம்ம படமாக இருந்தால் அடுத்து வசனம் வரும். இவனோ அங்கேயே நின்று தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கிறான், பிறகு மறு பக்கம். தைத்த சட்டை சரியாக விழுகிறதா என்று டெய்லர் பார்ப்பாரே, அந்த மாதிரி. முகமூடிக்குள் இருந்தது கார்பென்டரின் கல்லூரி நண்பர் நிக் காஸில், நாளுக்கு 25 டாலர் கூலி.

ஆறு வயதில் அக்காவைக் கொன்றவன் மையர்ஸ். ஏன் கொன்றான்? படம் வாயே திறக்காது. 8 வருஷம் அவன் மனசை எட்டப் பார்த்தேன், அடுத்த 7 வருஷம் அவனை வெளியே விடாமல் அடைத்துவைக்கப் பார்த்தேன் என்கிறார் அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். அவருக்கே பிடிபடாதபோது நாம் எந்த மூலை? 1981-ல் இரண்டாம் பாகம் எடுத்து, கதாநாயகி அவன் தங்கை என்று சொன்னார்கள் பார், அங்கே போச்சு. அதுவரை யார் வீட்டு வாசலிலும் வந்து நிற்கக்கூடியவன், அன்றிலிருந்து ஒரு குடும்பத்துப் பிரச்சினை ஆகிவிட்டான். 2018-ல் எடுத்தவர்கள் அந்த உறவையே தூக்கிக் கடாசிவிட்டார்கள். புண்ணியவான்கள்.

பிரபலமாவது வேறு கணக்கு. ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ பட வில்லன் ஃபிரெடி க்ரூகர் 1984-ல் நிஜமாகவே பயமுறுத்தினான். பாகம் போகப் போக ஜோக்கடிக்க ஆரம்பித்தான். கைதட்டல் ஏறியது, பொம்மை விற்றது, பயம் போயிற்று. ‘ஃபிரைடே தி 13த்’ படங்களின் கொலைகாரன் ஜேசன் கதை இன்னும் வேடிக்கை. 1980-ல் வந்த முதல் படத்தில் கொலை செய்தது அவன் அம்மா. ஹாக்கி முகமூடி வந்ததே 1982-ல், மூன்றாம் பாகத்தில். ஆனால் இன்றைக்கு அந்த முகமூடி இல்லாமல் ஜேசனை யாருக்குத் தெரியும்? சின்னப் பிள்ளைகூடப் பென்சிலில் வரைந்துவிடும்படி ஒரு உருவம் இருந்தால் ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

‘காஞ்சனா’வை வைத்து நீ சண்டைக்கு வருவாய், தெரியும். ஃபிளாஷ்பேக் முடிந்ததும் தியேட்டரே பேய் பக்கம் சேர்ந்துகொண்டதே! அது வேறு ருசி, எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே பேய் பாதிப் படத்திலேயே வில்லன் வேலையை விட்டுவிடுகிறது. சந்துருவுக்கு வேண்டியது அது இல்லையே.

ஃபிளாஷ்பேக்குக்கு ஒதுக்கிய பணத்தை லைட்டுக்குப் போடச் சொல். ‘ஹாலோவீன்’ கதாநாயகி இருட்டு வாசல் ஓரம் அழுதுகொண்டு நிற்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் வெள்ளை முகம் கொஞ்சங் கொஞ்சமாகத் தெளியும். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி ஒரு சின்ன விளக்கை மெல்லக் கூட்டிச் செய்த வேலை. மொட்டை மாடிக் கதவிலேயே சந்துரு அதைச் செய்து பார்க்கலாம்.

ஸ்கிரிப்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறீர்களா இல்லையா, அதையும் எழுது.

அன்புடன்,
ராமு