40 சதவீதம்தானே என்று விட்டுவிடாதே

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தது. பேரன் தத்தித் தத்தி நடக்கிறான் என்று படித்துச் சிரித்தேன். அடுத்த வரியில் பகீரென்றது. "ஆஞ்சியோவில் இதயக் குழாயில் 40 சதவீத அடைப்புதான், அதை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வேண்டாமாம். கால் வலிக்கிறதென்று கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாயே!

இவருக்கு நடந்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. இரண்டு வருஷமாகவே அல்சூர் ஏரியைச் சுற்றும்போது நெஞ்சு இறுக்கும். பெஞ்சில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் விட்டுவிடும். அது எங்களுக்குப் பழகிப்போன வலி. போன பங்குனியில் ஒருநாள், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு உட்கார்ந்த இடத்திலேயே வந்தது. சட்டை நனைய வியர்வை. பக்கத்துக் கிளினிக்கில் வாயு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி மறுபடியும் வந்தது. ஜெயதேவா இதய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நடந்தால் வலி தந்த பழைய 70 சதவீத அடைப்பு அப்படியேதான் இருந்ததாம். வினை வந்தது இதயத்தின் வேறொரு ரத்தக்குழாயில், முன்பு 40 சதவீதம் என்று நாங்கள் மறந்தே போயிருந்த இடத்தில்!

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். குழாய்ச் சுவரில் சேரும் கொழுப்பின்மேல் பாலாடை போல மெல்லிய மூடி இருக்கும். அது கிழிந்தால் உடம்பு அதைக் காயமென்று எடுத்துக்கொண்டு அங்கே ரத்தத்தை உறையவைக்கும். அந்தக் கட்டி வழியைப் பாதி மறித்தால் சும்மா இருக்கும்போதே வலி வரும். அதற்குத்தான் அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா என்று பெயர். ரத்தம் போதாமல் இதயத் தசை சாக ஆரம்பித்தால் அது மாரடைப்பு. அப்போது ட்ரோபோனின் என்ற பொருள் ரத்தத்தில் ஏறும், டெஸ்டில் தெரிந்துவிடும். குழாய் முழுக்க அடைபட்டால் அரைமணி நேரமே பெரிசு. இவருக்கு ட்ரோபோனின் ஏறவில்லை. மயிரிழையில் தப்பினார் கமலா, அந்த ராத்திரியை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

பாதிகூட அடைக்காத இடத்திலிருந்து மாரடைப்பு வந்தவர்கள் பலர். அந்த மூடி கிழியாமல் கெட்டிப்பட உதவுவதே நீ நிறுத்திய அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை, ஸ்டேடின்தான். கால்வலி என்றால் டாக்டரிடம் சொல், அளவைக் குறைப்பார், இல்லை வேறு மாத்திரை தருவார். நீயாக நிறுத்தாதே.

நம்மைப் போன்ற பெண்களுக்கு நெஞ்சுவலியாகவே வரவேண்டும் என்றும் இல்லையாம். தாடை வலி, முதுகு வலி, மூச்சிரைப்பு, குமட்டல் என்றும் வரலாம். உட்கார்ந்திருக்கும்போது அப்படி ஏதாவது செய்தால் ஓமத்தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்காதே, 108-ஐக் கூப்பிடு.

நாளைக்கே டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. பத்து மணிவரை விழித்திருப்பேன்.

உன்
சரோஜா