நிலா ஆய்வில் மாணவர்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

மதிப்புக்குரிய வழிகாட்டிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் வணக்கம்.

மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் கோள் அறிவியல் ஆய்வுத் திட்டம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. ஓர் எண்ணைத் தானே அளந்து, அதன் பக்கத்தில் பிழை எல்லையையும் எழுதி, கேட்பவர் முன் அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு மாணவர்களைக் கொண்டுவந்தவர்கள் நீங்கள்தான். அவரவர் செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூற விரும்புகிறோம்.

தரவைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு முதல் வணக்கம். 2009-இல் ஏவப்பட்டு நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் விண்கலமான லூனார் ரிகானசன்ஸ் ஆர்பிட்டரில் உள்ள குறுங்கோணக் கேமரா, ஒரு பிக்சலுக்கு அரை மீட்டர் வரையிலான நுணுக்கத்தில் நிலாத்தரையைப் படமெடுத்திருக்கிறது. அந்தப் படங்களை குவிக்மேப் என்ற இணைய வரைபடத்திலோ ஜேமார்ஸ் என்ற கணினி நிரலிலோ யாரும் காசில்லாமல் திறந்து பார்க்கலாம். ஆய்வாளர் பார்க்கும் அதே பிக்சலைப் பதினாறு வயது மாணவரும் பார்க்கிறார். இது சாதாரண உதவியா?

நிழலை அளந்து, விண்கல் மோதி உண்டான கிண்ணக்குழியின் ஆழத்தைக் காணக் கற்றுக்கொடுத்த வழிகாட்டிகளுக்குத் தனி நன்றி. கணக்கு எளியது: விளிம்பிலிருந்து நிழலின் நுனி வரை, ஒளி வரும் திசையிலேயே அளந்து, சூரியனின் உயரக் கோணத்துக்குரிய டேன் மதிப்பால் பெருக்கினால் ஆழம். 2 கி.மீ. விட்டமுள்ள குழியில், சூரியன் 20° உயரத்தில் இருக்கும்போது நிழல் 1,050 மீட்டர் என்றால், 0.364-ஆல் பெருக்க ஆழம் 382 மீட்டர். சிக்கலெல்லாம் அதற்கு முந்தைய படிகளில்தான். படத்தின் விவரத்தில் தரப்படுவது படுகோணம், அதாவது செங்குத்திலிருந்து சூரிய ஒளி சாய்ந்து வரும் கோணம். அதை 90-லிருந்து கழித்தால்தான் உயரக் கோணம் வரும். கழிக்காமல் 70°-ஐ அப்படியே போட்டால் அதே குழியின் ஆழம் 2,885 மீட்டர் ஆகிவிடும், அகலத்தைவிட ஆழம் கூடிவிடும். ஆழத்தை விட்டத்தால் வகுத்துப் பார்க்கும் பழக்கத்தை நீங்கள் முதல் நாளே ஏற்படுத்தியதால் இந்தப் பிழை உடனுக்குடன் பிடிபட்டது. இந்த அளவுள்ள, அதிகம் சிதையாத எளிய கிண்ணக்குழிகளில் அந்த விகிதம் 0.2-ஐ ஒட்டி இருக்கும்.

எந்தப் படத்தை ஒதுக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தீர்கள். நிழலின் நுனி குழியின் அடித்தளத்தில் விழ வேண்டும். மேலே சொன்ன குழியில் 20° சூரியனுக்கு நுனி மையத்தைச் சற்றே தாண்டி விழுகிறது. அது நல்ல படம். 10° என்றால் நிழல் எதிர்ச்சுவரில் ஏறிவிடும், கணக்கில் ஆழம் குறைந்து வரும். 60° என்றால் சூரியன் சுவரின் சரிவைவிட உயரத்தில் இருப்பதால் அளக்க நிழலே இருக்காது. வரைபடமாகச் சீரமைக்காத மூலப் படத்தில் அளப்பதும் ஆபத்து: பிக்சலின் நீளமும் அகலமும் தரையில் சமமாக இருக்காது.

குழிகள் எவ்வளவு அதிகமோ தரை அவ்வளவு பழையது; அந்த வயதை அறியக் கிண்ணக்குழி எண்ணும் வேலையில் பொறுமையோடு உடனிருந்த ஆசிரியர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஒரே பரப்பை இரண்டு மாணவர்கள், ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே எண்ண வேண்டும் என்ற விதியை நீங்கள் தளர்த்தவே இல்லை. அனுபவமுள்ள ஆய்வாளர்களின் எண்ணிக்கைகளும் ஒன்றுக்கொன்று மாறுபடும் என்பதால், அந்த வேறுபாடுதான் பிழை எல்லைக்கு அடிப்படை. 10 பிக்சலுக்குக் குறைந்த விட்டமுள்ளவற்றை விட்டுவிடச் சொன்னதும் சரியே. சங்கிலியாகவும் கொத்தாகவும் நீண்டும் கிடப்பவை பெரும்பாலும் வேறொரு பெரிய மோதலில் சிதறிய பாறைகள் உண்டாக்கியவை. அவற்றைச் சேர்த்தால் தரை உள்ளதைவிட வயதானதாகத் தெரியும். சூரியன் உச்சியில் இருக்கும் படத்தில் சிறு குழிகள் மறைந்து, வயது குறைந்து தெரியும். எண்ணிக்கையை ஆண்டுகளாக மாற்ற அமெரிக்காவின் அப்பல்லோ பயணங்களும் சோவியத்தின் லூனா விண்கலங்களும் நிலாவிலிருந்து கொண்டுவந்த பாறைகளின் வயதுதான் அளவுகோல் என்பதையும் மாணவர்கள் இப்போது விளக்குகிறார்கள்.

கணினி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு: ஜேமார்ஸ் நினைவகத்தை நிறைய விழுங்கும், மற்ற நிரல்களை மூடி வைத்து இடம் ஒதுக்கினீர்கள். எல்லோருக்கும் மவுஸ் கொடுத்ததும் பெரிய உதவி, டச்பேடில் விளிம்பை வரைந்தால் வட்டம் கோணலாகிவிடும்.

குறுங்கோள் தேடிய குழுவுக்கு உதவியவர்களையும் மறக்கவில்லை. அடுத்தடுத்து எடுத்த நான்கு படங்களில் ஒரு புள்ளி நேர்கோட்டில், சீரான வேகத்தில் நகர வேண்டும். ஒரே படத்தில் மட்டும் தோன்றுவது பெரும்பாலும் விண்வெளியிலிருந்து வந்து கேமராவில் பட்ட காஸ்மிக் கதிரின் தடம். அஸ்ட்ரோமெட்ரிக்கா என்ற கணினி நிரலில் இதைப் பிரித்தறியச் செய்ததோடு, முதற்கட்டக் கண்டறிதல் வேறு, சுற்றுப்பாதை உறுதியாகி எண் பெறுவது வேறு, அதற்கு ஆண்டுகள் ஆகும் என்பதையும் மாணவர்களின் பெற்றோருக்கு எடுத்துச் சொன்னீர்கள்.

கடைசியாக மதிப்பீட்டாளர்கள். சுவரொட்டியின் அழகை விட்டுவிட்டு, “இந்தப் படத்தை ஏன் எடுத்தாய், அதை ஏன் ஒதுக்கினாய்?” என்று கேட்டீர்கள். உங்கள் குறிப்புகள் ஒவ்வொரு குழுவின் அளவீட்டுத் தாளோடும் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அடுத்து வரும் மாணவர்கள் முதலில் அதே குழிகளை மறுபடி அளந்து பார்ப்பார்கள்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
ஒருங்கிணைப்புக் குழுவினர்